புதுக் குட்டியின் முதல் இரவு: ஒலியால் ஆவதும் ஆகாததும்

பகல் முழுவதும் வாலை ஆட்டிக்கொண்டு வீட்டைச் சுற்றிவந்த குட்டி, இரவு விளக்கு அணைந்ததும் அழத் தொடங்குகிறது. முதலில் மெல்லிய சிணுங்கல், பிறகு விட்டுவிட்டு வரும் முனகல், அதற்கும் யாரும் வராவிட்டால் தெருவே விழித்துக்கொள்ளும் அளவுக்கு ஊளை. வீட்டில் இருப்பவர்கள் என்ன செய்வதென்று தெரியாமல் கைபேசியை எடுக்கிறார்கள். நாய்க்குட்டியைத் தூங்கவைக்கும் இசை என்று தேடினால் எட்டு மணி நேரம், பத்து மணி நேரம் ஓடும் காணொளிகள் வரிசையாக வந்து நிற்கின்றன: பியானோ, மழை, கடலலை, தாயின் இதயத் துடிப்பு. டிக் டிக் என்று ஓடும் மேசைக் கடிகாரத்தைத் துண்டில் சுற்றிக் குட்டியின் பக்கத்தில் வைக்கலாம் என்று மேலைநாடுகளில் பல தலைமுறைகளாகப் புழங்கும் யோசனையும் இங்கே வந்து சேர்ந்திருக்கிறது.

ஒலி குட்டிக்கு உதவத்தான் செய்கிறது. ஆனால் அது உதவும் வழி ஒன்று, நாம் நினைத்துக்கொண்டிருக்கும் வழி இன்னொன்று. இது புரியாமல், இசையை ஓடவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போய்விடும் வீடுகளில்தான் குட்டிகள் தேவையில்லாத துன்பத்தை அனுபவிக்கின்றன. அதனால் அழுகையின் காரணத்திலிருந்தே தொடங்குவது நல்லது.

அழுகை எதற்காக

பிறந்ததிலிருந்து அந்தக் குட்டி ஒருநாள்கூடத் தனியாகத் தூங்கியதில்லை. ஐந்தாறு உடன்பிறப்புகள் ஒன்றின்மேல் ஒன்று குவிந்து, ஒன்றின் மூச்சு இன்னொன்றின் முதுகில் படும்படித்தான் தூங்கும். பிறந்த புதிதில் குட்டியால் தன் உடல் வெப்பத்தைத் தானே காத்துக்கொள்ள முடியாது. குவியலாகக் கிடந்தால்தான் உயிர் தங்கும். உருண்டு விலகிப்போன குட்டி கத்த வேண்டும். கத்தினால்தான் தாய்க்குத் தெரியும். இரண்டு மாதம் ஆன பிறகும், இருட்டில் தனியாக விடப்பட்ட குட்டியின் உடம்பு அதே பழைய கணக்கைத்தான் போடுகிறது. இதை அடம் என்றும் செல்லம் என்றும் சொல்வது அநியாயம்.

அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் பார் ஹார்பர் என்ற ஊரிலுள்ள ஜாக்சன் ஆய்வகத்தில் ஜான் பால் ஸ்காட்டும் ஜான் ஃபுல்லரும் ஐந்து இன நாய்களின் குட்டிகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, 1965இல் முடிவுகளை வெளியிட்டார்கள். 3ஆவது வாரத்திலிருந்து ஏறத்தாழ 12ஆவது வாரம் வரையிலான காலமே ஒரு நாய் யாரோடு, எதனோடு உறவு கொள்ளும் என்பதைத் தீர்மானிக்கிறது என்ற இன்றைய புரிதல் அங்கிருந்து வந்ததுதான். புதிய இடத்தில் தனியாக விடப்பட்ட குட்டிகளின் கத்தல் 6, 7 வார வயதில் உச்சத்தைத் தொட்டுப் பிறகு மெல்லக் குறைகிறது என்பதையும் ஸ்காட்டின் குழு பதிவுசெய்தது. நம் ஊரில் பெரும்பாலான குட்டிகள் கைமாறும் வயதும் இதுதான். அழுகை மிகக் கடுமையாக இருக்கும் வாரத்தில், அழுகையை நிறுத்தக்கூடிய எல்லாவற்றையும் ஒரே நாளில் அதனிடமிருந்து பிரித்துவிடுகிறோம்.

ஸ்காட்டும் அவரோடு பணியாற்றியவர்களும் 1977இல் வெளியிட்ட இன்னொரு ஆய்வு நம் கேள்விக்கு இன்னும் நெருக்கமானது. தனியாக விடப்பட்ட குட்டியின் கத்தலை எது குறைக்கிறது என்று ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தார்கள். உணவால் பயனே இல்லை என்னும் அளவுக்குத்தான் இருந்தது. மிருதுவான பொருள் ஓரளவு உதவியது. எல்லாவற்றையும்விட அதிகமாக உதவியது, பக்கத்தில் இருந்த மனிதர். பிஸ்கட்டைப் போட்டுவிட்டுப் போனால் சமாதானம் ஆகிவிடும் என்று நம்புபவர்கள் இந்த வரிசையை மனதில் இருத்திக்கொள்ள வேண்டும்.

வயதைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். 8 வாரம் நிறையாத குட்டியை விற்கக்கூடாது என்று இந்திய அரசின் 2017ஆம் ஆண்டு நாய் வளர்ப்பு, விற்பனை விதிகள் சொல்கின்றன. கண் திறந்து பால் மறந்தால் போதும் என்று 30, 35 நாளிலேயே குட்டியைத் தூக்கிக் கொடுப்பது இன்னும் நடந்துகொண்டுதான் இருக்கிறது. இத்தாலிய ஆய்வாளர்கள் 2011இல் இரண்டு வகை நாய்களை ஒப்பிட்டார்கள்: 30 முதல் 40 நாளுக்குள் தாயிடமிருந்து பிரிக்கப்பட்டவை, இரண்டு மாதம் முடிந்து பிரிக்கப்பட்டவை. முதல் வகையில் அச்சமும் ஓயாத குரைப்பும் சத்தத்துக்கு மிரளும் சுபாவமும் வளர்ந்த பிறகும் கூடுதலாக இருந்தன. எந்தத் தாலாட்டாலும் அந்த மூன்று, நான்கு வாரங்களை ஈடுகட்ட முடியாது. முடிந்தால் காத்திருந்து வாங்குங்கள்.

இதயத் துடிப்பு என்னும் நம்பிக்கை

தாயின் இதயத் துடிப்பைக் கேட்டே வளர்ந்த குட்டிக்கு அந்த ஒலியைத் திருப்பிக் கொடுத்தால் அமைதியாகிவிடும் என்பது கேட்கவே இதமான எண்ணம். கடிகார யோசனையும், வயிற்றுக்குள் துடிக்கும் கருவி வைத்து விற்கப்படும் துணிப் பொம்மைகளும், இதயத் துடிப்புக் காணொளிகளும் இதன்மேல்தான் நிற்கின்றன.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. நாய்க்குட்டி காது கேட்காமல்தான் பிறக்கிறது. அதன் காதுக் குழாய்கள் பிறக்கும்போது மூடியிருக்கும். ஏறத்தாழ இரண்டு வாரம் ஆகும்போதுதான் அவை திறக்கத் தொடங்குகின்றன. சத்தத்துக்குத் திடுக்கிடுவது மூன்றாவது வாரத்தில்தான் தெளிவாகத் தெரியும். ஆக, தாயின் மார்போடு இடைவிடாமல் ஒட்டிக் கிடந்த நாட்களில் குட்டி அந்தத் துடிப்பைக் காதால் கேட்டதில்லை. உடம்பால் உணர்ந்தது: வெதுவெதுப்பும் அழுத்தமும் ஏறி இறங்கும் மூச்சும் துடிப்பின் அதிர்வும் சேர்ந்த ஒரே அனுபவமாக.

கருவிகளின் பக்கமும் ஒரு குறை. இதய ஒலியின் பெரும்பகுதி 200 ஹெர்ட்ஸுக்கு, அதாவது நொடிக்கு 200 அதிர்வுக்கு, கீழே உள்ள தாழ்ந்த அதிர்வுகள். கைபேசியின் சின்னஞ்சிறு ஒலிபெருக்கியால் அவற்றைச் சரியாக எழுப்ப முடியாது; நமக்குக் கேட்பது அவற்றின் மேலோட்டமான தட்டல் மட்டுமே. போதாக்குறைக்கு நாயின் காது தாழ்ந்த ஒலிகளில் மனிதக் காதைவிடச் சற்றுப் பின்தங்கியது. மனிதருக்கு 20 ஹெர்ட்ஸில் தொடங்கும் கேள்விப்புலன் நாய்க்கு 65 ஹெர்ட்ஸ் அளவில்தான் தொடங்குகிறது. மேல் எல்லையிலோ மனிதரின் 20,000 ஹெர்ட்ஸைத் தாண்டி 45,000 வரை போகிறது.

மனிதக் குழந்தைகளிடமும் இதே நம்பிக்கை சோதிக்கப்பட்டது. 1960களின் தொடக்கத்தில் அமெரிக்க உளவியலாளர் லீ சால்க், மருத்துவமனையில் பிறந்த குழந்தைகளுக்கு நிமிடத்துக்கு 72 துடிப்பு என்ற அளவில் இதய ஒலியைக் கேட்கச் செய்து, அவை குறைவாக அழுதன, எடையும் கூடின என்று அறிவித்தார். பின்னர் அதைச் செய்துபார்த்த வேறு சிலருக்கு அதே விளைவு கிடைக்கவில்லை. ஒரே சீராக வரும் எந்தத் தாளமும் ஓரளவு அமைதி தரும். இதயம் என்பதற்காகத் தனிச் சிறப்பு ஏதும் இல்லை என்ற பக்கமே பின்வந்த சான்றுகள் சாய்ந்தன.

அப்படியானால் துடிக்கும் பொம்மை வீணா? வீண் இல்லை. அது மிருதுவானது, கட்டிக்கொண்டு படுக்கலாம், துடிப்பு அதிர்வாக உடம்பில் படுகிறது, சில பொம்மைகளில் வெப்பப் பையும் வைக்கலாம். அந்தப் பொம்மையில் உதவுவது பெரும்பாலும் அதன் உடம்புதான். அதே துடிப்பை அறையின் மூலையில் இருக்கும் கைபேசியில் ஓடவிட்டால் அந்தப் பயனில் கால் பங்குகூடக் கிடைக்காது. தாயும் உடன்பிறப்புகளும் படுத்த சாக்கிலோ பழைய புடவையிலோ ஒரு துண்டை அவற்றின் மணத்தோடு வாங்கிவந்து விரிப்பது, காசு செலவில்லாமல் அதைவிட அதிகம் செய்யும். குட்டியை எடுக்கப் போகும்போதே கேட்டு வாங்கிவிட வேண்டும், துவைத்துவிடக் கூடாது.

ஒலி உண்மையில் செய்வது

முதலாவது வேலை, திடீர்ச் சத்தங்களை மூடுவது. இரவின் அமைதியில் ஒரு பைக் போனாலும், பக்கத்து வீட்டுக் கதவு அடித்துக்கொண்டாலும், தெருவில் நாய்கள் குரைத்தாலும் குட்டிக்குத் தூக்கம் கலைகிறது. கலைந்தால் தான் தனியாக இருப்பது நினைவுக்கு வருகிறது. பின்னணியில் சீரான ஓசை ஒன்று இருந்தால் இந்தச் சின்ன அதிர்ச்சிகள் அதற்குள் அமுங்கிவிடும். இதற்கு நம் வீடுகளில் எந்தக் கருவியும் வாங்க வேண்டியதில்லை, மின்விசிறி இருக்கிறது. மேலை நாட்டினர் தனியாகக் காசு கொடுத்து வாங்கும் இரைச்சல் கருவி செய்யும் வேலையைக் கூரையில் சுழலும் மின்விசிறி ஆண்டு முழுவதும் செய்துகொண்டிருக்கிறது. நள்ளிரவில் மின்சாரம் போனதும் குட்டி எழுந்து அழுவதற்கு வெப்பம் மட்டும் காரணம் இல்லை. அதுவரை மறைந்திருந்த தெருச் சத்தம் அத்தனையும் ஒரே நொடியில் அதன் காதில் விழுகிறது.

இரண்டாவது, இசை. இங்கேதான் ஆராய்ச்சி நிறைய நடந்திருக்கிறது. வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரிலுள்ள குயின்ஸ் பல்கலைக்கழகத்தின் டெபோரா வெல்ஸும் உடன் ஆய்வாளர்களும் 2002இல் வெளியிட்ட ஆய்வில், காப்பகத்தில் இருந்த 50 நாய்களுக்கு மனிதப் பேச்சு, மேற்கத்தியச் செவ்விசை, பாப் பாடல்கள், இரைச்சல் மிகுந்த ராக் வகையான ஹெவி மெட்டல் ஆகியவற்றைப் போட்டுக்காட்டினார்கள். செவ்விசை ஓடியபோது நாய்கள் கூடுதலாகப் படுத்திருந்தன, அமைதியாக இருந்தன. ஹெவி மெட்டலுக்குக் குரைப்பு கூடியது. பாப் பாடலும் பேச்சும் பெரிய மாற்றம் எதையும் தரவில்லை. கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் லோரி கோகன் குழு 2012இல் 117 நாய்களிடம் செய்த ஆய்விலும் செவ்விசைக்குத் தூக்கம் கூடியது. ஹெவி மெட்டலுக்கு உடல் நடுக்கம் கூடியது. நாய்களுக்கென்றே எளிமைப்படுத்திப் பதிவுசெய்து விற்கப்படும் இசையையும் அந்தக் குழு சேர்த்துச் சோதித்தது. சாதாரணச் செவ்விசையைவிட அது கூடுதலாக எதையும் சாதிக்கவில்லை. சந்தா கட்டி நாய் இசை வாங்க நினைப்பவர்கள் இதைக் கவனிக்கலாம்.

ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ பல்கலைக்கழகமும் அந்நாட்டு விலங்குவதைத் தடுப்புச் சங்கமும் சேர்ந்து செய்த ஆய்வுகளை இந்த வரிசையில் மிக முக்கியமானவை என்று கருதுகிறேன். ஏமி போமனும் உடன் பணியாற்றியவர்களும் இதயத் துடிப்பின் ஏற்ற இறக்கத்தை அளந்து, செவ்விசை நாய்களின் உடலளவிலேயே பதற்றத்தைக் குறைக்கிறது என்று 2015இல் காட்டினார்கள். ஆனால் அதே இசையைத் தொடர்ந்து ஓடவிட்டபோது ஒரு வாரத்துக்குள் அந்த விளைவு மங்கிவிட்டது. நாய்களுக்குப் பழகிப்போய்விட்டது. 2017இல் அவர்களே வகைவகையான இசையை மாற்றி மாற்றிப் போட்டார்கள். அப்போது மென்மையான ராக் இசைக்கும் ஜமைக்காவின் ரெகே இசைக்கும் நாய்களின் உடல் சிறப்பாகத் தளர்ந்தது. மாற்றிப் போடுவதால் பழகிச் சலிப்பதும் குறைந்தது. எந்த வகை என்பதில் மந்திரம் ஏதும் இல்லை. வேகம் குறைந்த, திடுக்கென்று ஏறாத எந்த இசையும் போதும். வீணையும் புல்லாங்குழலும் தாராளமாகப் போதும். தவில் தனியாவர்த்தனத்தை மட்டும் பகலுக்கு வைத்துக்கொள்ளலாம்.

இந்த ஆய்வுகள் எல்லாம் வளர்ந்த நாய்களிடம், காப்பகங்களில் நடந்தவை என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். காப்பகத்தில் நாள் முழுவதும் குரைப்பொலி. அங்கே இசை ஓடினால் கேட்கும் நாய் அமைதியாகிறது, பராமரிப்பவரும் நிதானமாக நடந்துகொள்கிறார். முதல் இரவில் குட்டிக்கு இருப்பது இரைச்சல் பிரச்சினை இல்லை, தனிமை. இசையால் தனிமையின் ஓரத்தை மழுக்க முடியும். தனிமையைப் போக்க முடியாது.

அதைப் போக்கும் ஒலி ஒன்று உண்டென்றால், பக்கத்தில் தூங்கும் மனிதரின் மூச்சொலிதான். முதல் ஒருவாரம், பத்து நாள் குட்டி படுக்கும் பெட்டியை உங்கள் படுக்கைக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அழுதால் கையைத் தொங்கவிட்டால் எட்டும் தூரத்தில் இருக்கட்டும். பிறகு ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாக, அது கடைசியில் எங்கே படுக்க வேண்டுமோ அந்தத் திசையில் நகர்த்தலாம். அழவிட்டால் பழகிவிடும் என்று வராண்டாவில் கட்டிப்போடும் வழக்கத்தை நான் முற்றாக மறுக்கிறேன். அங்கே குட்டி கற்றுக்கொள்வது, கூப்பிட்டாலும் யாரும் வரமாட்டார்கள் என்பதை மட்டுமே.

தோ தோவும் ஆராரோவும்

நம் குரலும் ஒரு கருவிதான், அதுவும் மிகக் கூர்மையான கருவி. அமெரிக்க விலங்கு நடத்தை அறிஞர் பாட்ரிஷியா மெக்கானெல், பல மொழிகள் பேசும் மக்கள் நாய்க்கும் குதிரைக்கும் கொடுக்கும் குரல்களைப் பதிவுசெய்து ஒப்பிட்டார். மொழி எதுவானாலும், விலங்கைக் கிளப்பி ஓடவைக்கக் குறுகிய ஒலியை அடுக்கடுக்காகச் சொன்னார்கள். நிறுத்தவும் தணிக்கவும் ஒரே நீண்ட ஒலியை இழுத்தார்கள். பிறகு குட்டிகளிடமே சோதித்து, மேலேறும் நான்கு குட்டைச் சுரங்கள் அவற்றைச் சுறுசுறுப்பாக்குகின்றன என்றும், இறங்கிவரும் ஒற்றை நீளச் சுரத்துக்கு அந்த விளைவு இல்லை என்றும் 1990இல் காட்டினார்.

நாம் நாயைக் கூப்பிடும் "தோ தோ தோ" அப்படியே முதல் வகை. இழுத்து இழுத்து இறங்கும் "ஆராரோ ஆரிரரோ" அப்படியே இரண்டாம் வகை. நள்ளிரவில் அழும் குட்டியிடம் போய், கீச்சுக் குரலில் "என்னடா செல்லம், என்னடா குட்டி" என்று படபடவென்று கொஞ்சினால் அது விளையாடத்தான் கிளம்பும். மனிதர் நாய்களிடம் பேசும் கொஞ்சுகுரலை ஒலிபரப்பிப் பார்த்த ஓர் ஆய்வில் (2017), வளர்ந்த நாய்கள் அதைப் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை, குட்டிகள்தான் துள்ளின. ஆகவே இரவில் தாழ்ந்த குரலில், மெதுவாக, நீட்டி, இறக்கிப் பேச வேண்டும். பேசும்போதே கையை அதன் மார்பில் அழுந்த வைத்திருக்க வேண்டும். தட்டிக்கொடுப்பதும் அதே மெதுவான தாளத்தில்.

எப்படிப் பழக்குவது

இசையோ விசிறியோ மழையொலியோ எதுவாக இருந்தாலும், குட்டி அதை முதன்முதலில் கேட்பது நீங்கள் அதை விட்டுப் போகும் நேரமாக இருக்கக்கூடாது. அப்படி நேர்ந்தால் அந்தப் பாட்டு தனிமையின் முன்னறிவிப்பாகிவிடும். நான்காம் நாள் பாட்டின் முதல் சுரத்திலேயே குட்டி அழத் தொடங்கும். பகலில் வயிறு நிறைந்து, வெளியே போய்வந்து, கண் சொருகும் நேரத்தில் நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது ஒலியைத் தொடங்குங்கள். இரண்டு மாதக் குட்டி ஒரு நாளில் 18 மணி நேரத்துக்குமேல் தூங்கும் என்பதால் வாய்ப்புக்குக் குறைவில்லை. சில நாட்களில் அந்த ஒலியும் தூக்கமும் அதன் மனத்தில் ஒன்றாகக் கட்டுப்பட்டுவிடும். அதன் பிறகே ஒலி தன் சொந்த வலிமையில் வேலை செய்யத் தொடங்குகிறது. மூன்று நாள் இசைக்கும் நான்காம் நாள் மின்விசிறிக்கும் மாறி மாறித் தாவினால் இந்தக் கட்டு ஏற்படாது. ஒரே வகைக்குள் பாடல்களை மாற்றுங்கள், போதும்.

ஒலியின் அளவு நாம் பேசும் குரலுக்குக் கீழே இருக்கட்டும். 8,000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் நாயின் காது மிகக் கூர்மையானது; மலிவான ஒலிபெருக்கிகள் கீச்சென்று இரைவதும் உயர்ந்த அதிர்வுகளில்தான். கருவியைப் பெட்டிக்குள்ளோ அதன்மேலோ வைக்கக்கூடாது. அறையின் மறுபுறம் வைத்தால், பிடிக்காவிட்டால் குட்டி விலகிப் படுக்க இடம் இருக்கும்.

காணொளிகளில் இரண்டு ஆபத்துகள் உண்டு. ஒன்று, நடுவில் வரும் விளம்பரம். மென்மையான குழலிசையில் குட்டி கண்மூடிய இருபதாவது நிமிடத்தில் மும்மடங்கு சத்தத்தில் சோப்பு விளம்பரம் வெடித்தால் செய்த வேலை அத்தனையும் பாழ். பதிவிறக்கி வைத்துக்கொண்டு, கைபேசியின் அறிவிப்பு ஒலிகளை அணைத்துவிட்டு ஓடவிடுங்கள். இன்னொன்று, மழை ஒலிப் பதிவுகள். அவற்றில் பலவற்றில் அழகுக்காக இடியோசையைச் சேர்த்திருப்பார்கள். முழுவதையும் ஒருமுறை நீங்களே கேட்டுவிட்டுத்தான் குட்டிக்குப் போட வேண்டும்.

எல்லா அழுகையும் ஏக்கம் இல்லை என்பதையும் மறக்கக்கூடாது. இரண்டு மாதக் குட்டியால் இரவு முழுவதும் சிறுநீரை அடக்க முடியாது. இரண்டு, மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை வெளியே தூக்கிப் போக வேண்டியிருக்கும். வெறும் டைல்ஸ் தரையின் குளிர்ச்சியும் அழவைக்கும். அழுகையோடு வாந்தி, வயிற்றுப்போக்கு, சோர்வு இருந்தால் இசையெல்லாம் அப்புறம். உடனே கால்நடை மருத்துவரிடம் ஓட வேண்டும். பார்வோ என்னும் வைரஸ் தொற்று ஓரிரு நாளில் குட்டியைக் கொன்றுவிடக்கூடும்.

வீட்டுக்குள் இருக்கும் சத்தங்கள்

நகரத்துத் தெருவில் பிறந்து தத்தெடுக்கப்படும் குட்டிகளிடம் ஒரு விசித்திரத்தைக் காணலாம். பஸ் ஹாரனுக்கு அசையாது; மிக்சிக்கு நடுங்கும். காது திறந்த நாளிலிருந்து கேட்டு வளர்ந்த சத்தம் அதற்கு உலகத்தின் இயல்பு. குக்கர் விசில், மிக்சி, சலவை இயந்திரம், கழிவறை நீர்த் தொட்டி இரைச்சல் எதுவும் அதன் உலகத்தில் இருந்ததில்லை. பண்ணையில் கூண்டுக்குள் வளர்ந்த இனக்குட்டிக்கோ தெருச் சத்தமே புதிது.

கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாக ஆய்வாளர்கள் 2021இல் வெளியிட்ட ஆய்வு, வீட்டுச் சத்தங்களில் நாய்களை மிகவும் வதைப்பவை விட்டுவிட்டு வரும் கீச்சொலிகள் என்று காட்டியது. மின்கலம் தீரும்போது புகை எச்சரிப்பான் எழுப்பும் ஒற்றைக் கீச்சு அவர்களின் உதாரணம். நாயின் நடுக்கத்தையும் உதட்டை நக்குவதையும் விலகிப்போவதையும் உரிமையாளர்கள் பெரும்பாலும் அச்சம் என்றே உணரவில்லை, சிலர் வேடிக்கை என்று சிரித்தார்கள் என்பதும் அந்த ஆய்வின் முடிவு. நம் வீட்டில் அந்த இடத்தில் இருப்பது இன்வெர்ட்டர். பேட்டரி தீரும் நேரத்தில் அது எழுப்பும் பீப் ஒலி ஒவ்வொன்றும் குட்டியின் காதில் ஊசிபோல் இறங்குகிறது. அதன் படுக்கையை இன்வெர்ட்டருக்கும் குளிர்சாதனப் பெட்டிக்கும் பக்கத்தில் போடாமல் இருப்பது, எந்த இசையையும் போடுவதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை.

ஒலிக்கு அசையாத குட்டி

இசை ஓடினாலும் ஓடாவிட்டாலும், பாத்திரம் விழுந்தாலும், குட்டி அசையாமல் தூங்குகிறதா? பொறுமைசாலி என்று மகிழ்வதற்கு முன் அதன் காதைச் சோதித்துவிடுங்கள். வெள்ளை ரோமத்தோடு தொடர்புடைய பிறவிச் செவிட்டுத்தன்மை நாய்களில் உண்டு. உட்காதில் நிறமி உயிரணுக்கள் இல்லாதபோது, ஒலியை உணரும் நுண்ணுறுப்பு பிறந்த சில வாரங்களிலேயே சிதைந்துவிடுகிறது. வெள்ளை உடலில் புள்ளிகள் கொண்ட டால்மேஷன் இனத்தில் இது உலகறிந்தது. முழு வெள்ளையும் இளஞ்சிவப்பு மூக்கும் கொண்ட நம் ராஜபாளையம் நாய்களிலும் இது இருப்பதை வளர்ப்பவர்கள் நன்றாக அறிவார்கள். அறிந்தும் சொல்லாமல் விற்பவர்கள் உண்டு.

குட்டி தூங்கும்போது, அதன் பார்வையில் படாமலும் காற்றோ தரை அதிர்வோ எட்டாமலும் பின்னாலிருந்து சாவிக்கொத்தை ஆட்டிப் பாருங்கள். காது திரும்புகிறதா என்று கவனியுங்கள். ஒரு காது மட்டும் கேட்கும் குட்டி ஒலி வந்த திசையைத் தவறவிடும். செவிட்டுக் குட்டியும் அருமையான துணைதான். அதற்கு ஒலிக்குப் பதிலாக வேறு மொழி வேண்டும்: படுக்கைக்கு அருகில் எரியும் சிறுவிளக்கு, முதுகில் ஒரே இடத்தில் வைக்கும் கை, தரையில் இரண்டு தட்டு. தூக்கத்தில் தொட்டு எழுப்பினால் மிரண்டு கடிக்கக்கூடும் என்பதால், மூக்கருகே கையை நீட்டி மணத்தால் எழுப்புவது நல்லது.

தீபாவளிக்கு முன்னால்

இரவு அழுகை ஓரிரு வாரத்தில் அடங்கிவிடும். ஒலியைப் பற்றிய கவலை அத்தோடு முடிவதில்லை. சுவிட்சர்லாந்தின் பெர்ன் பல்கலைக்கழகத்தின் ஸ்டெஃபனி ரீமர் 1,200க்கும் மேற்பட்ட நாய்களைப் பற்றி உரிமையாளர்களிடம் கேட்டுத் தொகுத்து 2019இல் வெளியிட்ட ஆய்வில், பாதிக்கும் மேற்பட்ட நாய்கள் வாணவெடிக்கு ஏதோ ஓரளவில் அஞ்சின. குட்டிப் பருவத்திலேயே பழக்கப்பட்டவற்றில் அச்சம் குறைவாக இருந்தது. வெடிச்சத்தம் கேட்ட மறுநொடியே தின்பண்டமோ விளையாட்டோ கொடுத்து, சத்தத்தை நல்லதின் அறிகுறியாக மாற்றும் முறை உதவியதாக, அதைச் செய்துபார்த்த உரிமையாளர்களில் 70 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் சொன்னார்கள். அதன் விரிவை அவர் 2020இல் வெளியிட்டார்.

செக் நாட்டு ஆய்வு ஒன்று இன்னும் எளிமையானது. ஜெர்மன் ஷெப்பர்ட் குட்டிகளுக்குப் பிறந்த 16ஆம் நாள் முதல் 32ஆம் நாள் வரை, நாளுக்கு மூன்று முறை இருபது நிமிடம் சாதாரண வானொலியை ஓடவிட்டார்கள். பேச்சு, விளம்பரம், பாட்டு என்று எல்லாம் கலந்த ஒலிபரப்பு. ஏழு வாரத்தில் சோதித்தபோது, வானொலி கேட்டு வளர்ந்த குட்டிகள் திடீர்ச் சத்தத்தை மற்றவற்றைவிடத் தைரியமாக எதிர்கொண்டன. 2018இல் வெளியான இந்த முடிவு, குட்டி போட்ட நாயை வைத்திருப்பவர்களுக்கானது. இதைச் செய்யாமல் இருப்பதற்குக் காரணமே இல்லை.

இந்திய விதிப்படி, வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டர் தொலைவில் 125 டெசிபல் வரை ஓசை எழுப்பும் பட்டாசுக்கு அனுமதி உண்டு. அந்த ஓசையை எந்தக் குழலிசையும் மூடாது. மூட நினைத்து இசையின் அளவைக் கூட்டினால் குட்டிக்கு இரண்டு தொல்லைகள் ஆகும். அதனால் தயாரிப்பு முன்கூட்டியே தொடங்க வேண்டும். புரட்டாசியில் வீட்டுக்கு வந்த குட்டிக்குச் சில வாரங்களே இருக்கின்றன. பட்டாசு ஒலிப்பதிவைக் காதில் விழுந்தும் விழாத அளவில் வைத்து, ஒவ்வொரு வெடிக்கும் ஒரு துண்டு வேகவைத்த கோழி கொடுங்கள். குட்டி சத்தத்தைக் கேட்டு உங்கள் கையைப் பார்க்கத் தொடங்கிய பிறகே ஒரு படி கூட்டுங்கள். காதைப் பின்னால் மடக்கினாலோ தின்ன மறுத்தாலோ இரண்டு படி இறங்கிவிடுங்கள்.

2018ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு தமிழ்நாட்டில் தீபாவளியன்று காலை 6 முதல் 7 வரையும் இரவு 7 முதல் 8 வரையும் மட்டுமே பட்டாசுக்கு நேரம் ஒதுக்கப்பட்டுவருகிறது. எல்லோரும் கடைப்பிடிப்பதில்லை என்றாலும் மிகக் கடுமையான நேரம் எது என்பது முன்பே தெரிந்துவிடுகிறது. காலை 5 மணிக்கும் மாலை 5 மணிக்கும் குட்டியை வெளியே கூட்டிப்போய் வந்துவிடுங்கள். கழுத்துப்பட்டையில் தொலைபேசி எண் எழுதிய வில்லை தொங்கட்டும். மிரண்டு ஓடிய குட்டி வீடு திரும்ப அதுவே எளிய வழி. தெருவைப் பார்க்காத உள்ளறையில் சன்னலைச் சாத்தி, மின்விசிறியை முழு வேகத்தில் விட்டு, அது தூங்கப் பழகிய அதே இசையை அதே அளவில் வைத்து, ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்திருங்கள். நடுங்கும் குட்டியைத் தடவிக்கொடுத்தால் பயம் வளர்ந்துவிடும் என்று சொல்வார்கள். அதைக் கேட்க வேண்டாம். மடிக்கு வந்தால் மடியில் வைத்துக்கொள்ளுங்கள். கட்டிலடியில் ஒளிந்தால் அங்கேயே இருக்கவிடுங்கள்.